திமிர் பிடித்த பிரபுவும் கொள்ளைக்காரனும்: குத்து விழுந்த பிறகு என்ன?

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

ஜப்பானிய ஃபேன்டஸியில் எதைத் திறந்தாலும் திமிர் பிடித்த ஒரு பிரபு நிற்கிறான். ஏழையை எட்டி உதைப்பான், "நான் யார் தெரியுமா" என்பான், பத்துப் பக்கம் தள்ளி ஒரு கொள்ளைக்காரன் வந்து அவன் மூக்கை உடைப்பான். நமக்கு ஒரு விசில். இதற்கு மேல் இந்த வகைக் கதையில் ஏதாவது இருக்கிறதா? எல்லாம் ஒரே அச்சு என்கிறேன் நான். இல்லை என்பவர்கள் உதாரணத்தோடு வரவும்.

4 அக்டோபர், இரவு 11.05

உதாரணத்தோடுதான் வந்திருக்கிறேன். விசில் காட்சி என்றால் ஒன் பீஸ் மங்காவில் கடற்கொள்ளைக் கேப்டன் லூஃபி, சார்லோஸ் என்ற பிரபுவை அடிக்கும் இடத்தை மிஞ்ச எதுவும் கிடையாது, அதையே எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த 502ஆம் அத்தியாயம். சபாவோடி தீவுக்கூட்டத்தில் ஆள் ஏலம் நடக்கிறது. கேமி என்ற கடற்கன்னியைத் தொட்டியில் அடைத்து மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் 50 கோடி பெரி என்கிறான் சார்லோஸ். அவன் டென்ரியூபிடோ. 800 வருடத்துக்கு முன்னால் உலக அரசை நிறுவிய மன்னர்களின் வாரிசு. சாமானியர் விட்ட மூச்சு தன் மேல் படக்கூடாது என்று தலையில் குமிழியை மாட்டிக்கொண்டு நடக்கிற கூட்டம் அது. அவர்கள் மேல் கை வைத்தால் கடற்படை அட்மிரலே இறங்கி வருவார் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். லூஃபியைத் தடுக்க ஓடிவந்த ஹாச்சியைச் சுட்டுவிட்டு, மீன்மனிதன் ஒருவன் இலவசமாகக் கிடைத்தான் என்று குதிக்கிறான் சார்லோஸ். லூஃபி நிதானமாகப் படியேறி வந்து ஒரே குத்து.

சரி, விசில் அடித்தாயிற்று. அப்புறம்? அட்மிரல் கிசாரு வருகிறான். உலக அரசின் பக்கம் நிற்கும் குமா, லூஃபியின் கூட்டத்தை ஒவ்வொருவராகத் தொட்டு மறையச் செய்கிறான். கூட இருந்தவர்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று கேப்டன் தரையில் கிடந்து கதறுகிறான். அவர்கள் திரும்ப ஒன்றுசேர இரண்டு வருடம் ஆகிறது. குத்து வாங்கியவனோ, வெகுகாலம் கழித்து ரெவரி என்ற மன்னர்கள் மாநாட்டுப் பகுதியில் அதே திமிரோடு, அதே மூக்கொழுகலோடு வந்து கடற்கன்னி இளவரசி ஷிராஹோஷியைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறான். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அடித்தவன்தான் கூட்டத்தையே இழந்து நின்றான்.

மலிவான கதையில் குத்தோடு அத்தியாயம் முடியும். இதில் குத்துக்குப் பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

5 அக்டோபர், காலை 7.40

இதுவரை நான் பார்த்த அல்லது விளையாடியவற்றில் திமிர் பிடித்த பிரபு என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் அல்கஸ். ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ், 1997, யசுமி மட்சுனோ எழுதி இயக்கியது. இப்போது புதுப்பித்த பதிப்பும் வந்திருப்பதால் புதிதாக விளையாடுகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அதில் வரும் கொள்ளைக்காரர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐம்பது வருடப் போரில் நாட்டுக்காகச் சண்டை போட்ட சாமானியர்கள். போர் முடிந்ததும் கூலி தராமல் கலைத்துவிட்டார்கள். அவர்கள் வழிப்பறியில் இறங்கினார்கள். தலைவன் வீக்ராஃப், அவன் தங்கை மிலுடா. அவர்களை ஒழிக்கக் கிளம்புகிற மாணவப் படையில்தான் நாம் இருக்கிறோம். ராம்சா பெரிய வீட்டுப் பிள்ளை. அவனோடு வளர்ந்த டெலிடா சாமானியன். இடையில் வந்து ஒட்டிக்கொள்பவன் அல்கஸ். அவன் தாத்தா போரில் பிடிபட்டபோது சொந்த ஆட்களையே காட்டிக்கொடுத்தார் என்று அந்தக் குடும்பத்தின் மானம் போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லாமல் ரத்தம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திரிகிறவன். முழுப் பணக்காரனைவிட நொடித்துப்போன பணக்காரனுக்குத்தான் சாதிப்பேச்சு அதிகம் என்பதை ஒரு விளையாட்டில் இவ்வளவு துல்லியமாகக் காட்டியது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. "நாங்களும் மனிதர்கள்தானே" என்று மிலுடா கேட்கும்போது, நீங்கள் பிறப்பிலேயே கால்நடைகள் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அந்தச் சண்டையில் எதிரணியில் மிலுடா, என் அணியில் அவன். அவனுக்கு மருந்து கொடுக்க என் கை வரவில்லை.

கடைசியில் ஜீக்டன் கோட்டை. டெலிடாவின் தங்கை டீட்டாவைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு கொள்ளைக்காரன் நிற்கிறான். ராம்சாவின் அண்ணன் சல்பாக் சுடச்சொல்கிறான், அல்கஸ் சுடுகிறான். முதல் அம்பு டீட்டாவுக்கு. பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் இந்த உத்தரவு வந்திருக்காது என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் ராம்சாவும் டெலிடாவும் சேர்ந்து அல்கஸைக் கொல்கிறார்கள். எனக்கு விசில் வரவில்லை. உத்தரவு போட்டவன் குதிரையேறி வேறு வேலை பார்க்கப் போய்விட்டான்.

5 அக்டோபர், காலை 7.52

ஒன்று விட்டுப்போயிற்று. பிஎஸ்பி பதிப்பில் அல்கஸ் செத்த பிறகும் எழுந்து வருவான், லிம்பெரி கோட்டையில் மறுபடி ஒரு தடவை கொல்ல வேண்டும். பிறந்த குடியின் பெருமை சாவுக்குப் பிறகும் போகாது போல.

7 அக்டோபர், இரவு 10.15

"வீக்ராஃபைப் பற்றிச் சொல்லாமல் ஓடுகிறீர்களே" என்று கேட்கிறார்கள். ஓடவில்லை, அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. ரியோவானஸ் கோட்டையில் அவனோடு தனியாள் சண்டை. அதற்கு முந்தின சண்டை முடிந்ததும் ‘சேவ் செய்கிறாயா’ என்று கேட்கும். செய்தேன். வெளியே போய்ப் பலம் ஏற்றிக்கொண்டு வர வழியே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இருந்த ஒரே சேவ் அது. முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதைப் படித்து எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கூலி கேட்டுக் கத்தி எடுத்த அந்த நேர்மையான மனிதன் கடைசியில் என்ன ஆகிறான்? சாகும் நேரத்தில் ஒரு கல்லின் பேரத்துக்குப் பணிந்து அரக்கனாகிறான். டெலிடா? பிரபுக்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்டு, இளவரசியைக் கட்டிக்கொண்டு ராஜாவாகிறான், வழியில் எல்லோரையும் பயன்படுத்தித் தூக்கிப்போடுகிறான். சுத்தமாக மிஞ்சுகிறவன் யார்? பெரிய வீட்டில் பிறந்த ராம்சா. திருச்சபை அவனை மதத்துரோகி என்று அறிவித்து வேட்டையாடுகிறது, அந்த வகையில் அவனும் சட்டத்துக்கு வெளியேதான். ஆனாலும் அவன் பிரபு.

இது என்னை உறுத்துகிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

8 அக்டோபர், இரவு 9.30

யோசித்தேன், தூக்கம் போனதுதான் மிச்சம். எனக்குப் பிடித்த ‘கொள்ளைக்காரர்களை’ வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ராம்சா பிரபு மகன். சுய்கோடென் முதல் ஆட்டத்தின் நாயகன் பேரரசின் தளபதி டெயோ மெக்டோலின் மகன். அகாட்சுகி நோ யோனா மங்காவின் யோனா அரசகுமாரி. பன்னிரண்டு ராஜ்யங்கள் கதையில் கிளர்ச்சிக்காரர்களோடு போய் நிற்கும் யோகோ, அந்த நாட்டின் ராணியே. லூஃபி பிரபு இல்லை, ஆனால் தாத்தா கடற்படையின் மாவீரர், அப்பா உலகமே தேடும் புரட்சித் தலைவர். சாமானிய வீடு என்று அதையும் சொல்ல முடியாது.

பிரபுவைக் கீழே தள்ளுகிற கை பெரும்பாலும் இன்னொரு பிரபுவின் கையாக இருக்கிறது, கந்தல் உடுத்தி முகத்தில் கரி பூசியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான சாமானியன் தானே மேலேறி வந்தால் கதை அவனைக் கெடுத்துவிடுகிறது. டெலிடா ஒருவன், பெர்செர்க் மங்காவின் கிரிஃபித் இன்னொருவன்.

கேள்வி கேட்டவர் "ஒரே அச்சு" என்றார். அச்சு இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில் இல்லை, இங்கே இருக்கிறது.

8 அக்டோபர், இரவு 9.48

கிரிஃபித்தைச் சும்மா இழுக்காதீர்கள் என்று வரப்போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவனுடைய பருந்துக் கூட்டம் கூலிப்படை, சட்டத்துக்குப் புறம்பானவர்களாக ஆனது பிறகுதான் என்பது தெரியும். நான் நினைத்தது சதிகாரப் பிரபுக்கள் அவனுக்கு விஷம் வைக்கும் பகுதியை. அமைச்சர் ஃபாஸின் மகளைக் கடத்தி அவரை வழிக்குக் கொண்டுவருகிறான், ராணியையும் சதிகாரப் பிரபுக்களையும் ஒரே கட்டடத்தில் வைத்து எரிக்கிறான், கடத்துவதற்கு ஏவிய ஆட்களையும் மிச்சம் வைக்கவில்லை. மகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபாஸைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்கள். அந்தப் பிரபுக்களுக்காக நான் பரிதாபப்படுவேன் என்று நினைக்கவே இல்லை.

11 அக்டோபர், மதியம் 2.20

யோனா பற்றிக் கேட்டவருக்கு. அகாட்சுகி நோ யோனா, மிசுஹோ குசனாகி 2009இல் தொடங்கிய மங்கா. அதில் நம் விஷயத்துக்கு இரண்டு பேர் முக்கியம்.

முதலாமவன் யான் கும்ஜி, அவா துறைமுகத்தை ஆள்கிறவன். பெண்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிறான். அவனை எதிர்ப்பது கிகான் என்ற வயதான பெண் கேப்டனின் கடற்கொள்ளைக் கூட்டம். எட்டாம் தேதிக் குறிப்பில் நான் போட்ட சந்தேகத்துக்கு நல்ல எதிர்வாதம் இந்தக் கிழவிதான். பட்டம் கிடையாது, ரகசிய வம்சம் கிடையாது. அரசகுமாரியாகவே இருந்தாலும் தன் கப்பலில் ஏற வேண்டுமென்றால் செங்குத்தான பாறையில் முளைக்கும் மூலிகையைப் பறித்துக்கொண்டு வா என்று அனுப்புகிறவள். யோனா போகிறாள், உயிர் போய்த் திரும்புகிறது. ஆனாலும் கடைசியில், படகில் தப்பி ஓடும் கும்ஜியை அம்பெய்து கொல்வது யார்? யோனா. அம்பு மறுபடி அரண்மனைப் பெண் கைக்குத்தான் போகிறது.

இரண்டாமவன் காங் தேஜுன். நெருப்புக் குலத் தலைவரின் இரண்டாவது மகன். ஆரம்பத்தில் யோனா பின்னால் அலைகிற அசல் உதவாக்கரை. அவளைத் துரத்திப் பள்ளத்தில் விழவைத்துவிட்டோம், செத்துவிட்டாள் என்று நம்பி ஒடிந்துபோகிறான். பிறகு குலத்தின் எல்லைக் கிராமங்களில் வரி வசூலைத் தடுக்கிற கொள்ளைக் கூட்டம் ஒன்றைப் பிடிக்க அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டமே யோனாவுடையது. உயிரோடு இருப்பவளைப் பார்த்ததும் அவன் அழுகிற அழுகை ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவம். யாரும் அவனை அடிக்கவில்லை. பட்டினியும் நோயுமாகக் கிடக்கிற கிராமத்தைக் காட்டி, இது உன் நாடு என்கிறார்கள். அவன் அங்கேயே தங்கி நோயாளிகளைப் பார்க்கிறான், கிழவிகளிடம் திட்டு வாங்குகிறான், வேலை கற்றுக்கொள்கிறான். தரையில் அமர்ந்து கூழ் குடிக்கத் தெரியாதவன் ஊருக்குக் கூழ் ஊற்றுகிறவனாக மாறுவதற்குக் கணிசமான பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார் குசனாகி. இந்த முழு விவாதத்திலும் எனக்கு மிகவும் பிடித்த ‘வீழ்ச்சி’ தேஜுனுடையதுதான்.

11 அக்டோபர், மதியம் 2.31

இல்லை, அனிமேயில் தேஜுனின் அந்தப் பகுதி வராது. 2014இல் தொடங்கிய அந்த 24 பாகங்கள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. மங்காதான் படிக்க வேண்டும்.

14 அக்டோபர், இரவு 8.55

பிரபுவை உயிரோடு விடுவதா கொல்வதா என்று வாசகர்களுக்குள் நீளமாகச் சண்டை நடக்கிறது. சுய்கோடென் இதை ஆட்ட விதியாகவே வைத்துவிட்டது. 1995, கொனாமி. மிலிச் ஓப்பன்ஹைமர் என்று ஒரு தளபதி. பூவும் பட்டும் மினுக்கலுமாகத் திரிகிறவன். அவன் ஏவிய விஷ வித்துகளால் நம்மைக் குழந்தையிலிருந்து வளர்த்த கிரெமியோ சாகிறான். கதவை உட்பக்கமாகச் சாத்திக்கொண்டு, நம்மை வெளியே நிறுத்திவிட்டுச் சாகிறான். பிறகு மிலிச்சைத் தோற்கடித்ததும் விளையாட்டு நம்மிடம் கேட்கிறது: கொல்கிறாயா, விடுகிறாயா?

என் தம்பி கொன்றான், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் விட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, நம் படையில் சேரக்கூடிய 108 பேரையும் சேர்த்தால் ஏதோ நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த 108இல் மிலிச்சும் ஒருவன். அத்தனை பேரும் சேர்ந்தால் கிரெமியோ திரும்பி வருகிறான். கொன்றவனை மன்னித்தால்தான் செத்தவன் கிடைப்பான். தம்பி என்னோடு பேசவே இல்லை கொஞ்ச நாள்.

இரண்டாவது சுய்கோடெனில் இதற்கு நேர் எதிர். இளவரசன் லூக்கா பிளைட்டும் அவன் தாயும் சிறுவயதில் கூலிக்கு அமர்த்திய ஆட்களிடம் சிக்கிச் சீரழிகிறார்கள். அப்பா விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அந்தப் பையன் வளர்ந்து ஊர் ஊராக எரிக்கிறான், சரணடைந்த பெண்ணைப் பன்றி மாதிரி கத்தச்சொல்லிவிட்டு வெட்டுகிறான். உயர்ந்த இடத்தில் இருப்பவரை இழிவுபடுத்தினால் நீதி பிறக்கும் என்பதற்கு அந்த விளையாட்டு சொல்லும் பதில் லூக்கா.

ஒன் பீஸின் டோஃப்லமிங்கோவும் அதே சங்கதி. அப்பா டென்ரியூபிடோ பதவியை மனமார விட்டுவிட்டுச் சாமானியராக வாழக் குடும்பத்தோடு இறங்கி வருகிறார். யார் என்று தெரிந்ததும் ஊர் திரண்டு வந்து வீட்டை எரிக்கிறது, பிடித்துக் கட்டித் தொங்கவிடுகிறது. திமிர் பிடித்தவர்கள் மேல் இருந்த கோபம் முழுவதும், திமிரை விட்டுவிட்டு வந்த ஒரே மனிதர் மேல் இறங்கியது. பையன் அப்பாவையே சுட்டுக்கொன்றான்.

16 அக்டோபர், காலை 6.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். நிஜ ஜப்பானில் இப்படி யாராவது இருந்தார்களா என்ற கேள்விக்கு: நெசுமி கொசோ. எடோ காலத்துத் திருடன், டைம்யோ பிரபுக்களின் மாளிகைகளில் மட்டுமே கைவரிசை காட்டியவன் என்று பெயர். 1832இல் பிடித்துக் கொன்றார்கள். பிடிபட்டபோது கையில் காசில்லை. அதனால் ஏழைகளுக்குக் கொடுத்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சூதும் குடியும் தின்றிருக்கும் என்பதுதான் அதிகம் நம்பக்கூடியது. ஆனால் நாடகங்களுக்கு முதல் பதில்தான் பிடித்திருந்தது. தோக்கியோவில் ரியோகோகுப் பகுதியில் உள்ள ஏகோயின் கோவிலில் அவன் கல்லறை இருக்கிறது. அதிர்ஷ்டம் வரும் என்று கல்லைச் சுரண்டி எடுத்துப் போகிறார்கள், சுரண்டுவதற்கென்றே தனிக் கல்லும் வைத்திருக்கிறார்கள்.

பிரபுக்கள் எப்படிப் போனார்கள்? கொள்ளைக்காரன் வந்து தள்ளவில்லை. மேய்ஜி அரசு 1884இல் ஐந்து படி வைத்த பிரபுப் பட்டங்களை உருவாக்கியது. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அவற்றை ஒழித்தது. காகிதத்தில் ஒரு வரி. இன்றைய இணைய நாவல்களில் வரும் டியூக், கவுண்ட், பேரன் வரிசையெல்லாம் ஜப்பானிய எழுத்தில் அந்த ஐந்து படிப் பெயர்களோடுதான் வருகிறது. பட்டத்தை ஒழித்த நாடு அதே பட்டங்களைக் கற்பனையில் திரும்ப நட்டு வைத்து, வாரா வாரம் வெட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த நாவல்களில் ஒரு ரகம் இருக்கிறது, கர்வம் பிடித்த சீமாட்டியைக் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிவிட்டு அவமானப்படுத்துவதையே சரக்காக விற்கும். அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். படிப்பதில்லை. அதில் கீழே விழுவது திமிர் இல்லை, ஒரு பெண்.

19 அக்டோபர், இரவு 11.20

விட்டுவைத்திருந்த பன்னிரண்டு ராஜ்யங்களுக்கு வருகிறேன். ஃபுயுமி ஓனோ எழுதிய நாவல் தொடர். 2002இல் என்எச்கே ஒளிபரப்பத் தொடங்கிய அனிமே 45 பாகம். கேய் நாட்டில் ஷோகோ என்று ஒரு மாவட்ட ஆளுநன். அவன் வண்டி ஒரு சிறுவன் மேல் ஏறிப் போகிறது. தெருவே பார்த்துக்கொண்டு நிற்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்த சுசு, பழிவாங்கக் கிளம்பி உள்ளூர்க் கிளர்ச்சிக் கூட்டத்தில் சேர்கிறாள். தலைவன் கொஷோ நூறு சதவீதம் சாமானியன். அங்கேயே வந்து சேர்கிறாள் ஷோகேய், வேறொரு நாட்டின் முன்னாள் அரசகுமாரி. அப்பாவின் கொடுமையைக் கண்ணால் பார்க்காமல் அரண்மனையில் பொம்மை மாதிரி இருந்தவள், அப்பா கொல்லப்பட்ட பிறகு வயலில் வேலை செய்து, பசித்து, திருடி, மெல்ல மெல்ல மனுஷியானவள். அதாவது ஷோகோவைப் போன்ற ஒருத்தியும் அதே கிளர்ச்சியில் நிற்கிறாள்.

மூன்றாமவள் யோகோ. ராணி. தன் நாட்டில் என்ன நடக்கிறது என்று அமைச்சர்கள் சொல்லும் பொய் போதாமல், மாறுவேடத்தில் வந்து பார்த்து, தன் சொந்த அதிகாரிக்கு எதிராகத் தானே வாள் எடுக்கிறாள். ஷோகோவைக் கொன்றுவிடலாம் என்று கொதிக்கிறவர்களிடம் உயிரோடு வேண்டும் என்கிறாள். இவனுக்கு மேலே நின்று இவனைக் காப்பாற்றுகிறவர்களைப் பிடிக்க இவன் வாய் வேண்டும். ஜீக்டன் கோட்டையில் யாரும் செய்யாத காரியம் இது.

பிறகு ராணியின் படையே கிளர்ச்சியை நசுக்க வந்து நிற்கிறது. யோகோ தன் தெய்வ மிருகமான கிரின் மேல் ஏறி அந்தப் படைக்கு முன்னால் போய் நிற்கிறாள். வந்த படை மண்டியிடுகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன், மறைக்கவில்லை. ஆனாலும் எட்டாம் தேதிச் சந்தேகம் இங்கேயும் விடவில்லை. கொஷோவின் ஆட்கள் சுவர் ஏறினார்கள், செத்தார்கள், ஊரைப் பிடித்தார்கள். முடித்துவைக்க மட்டும் முடிசூடியவள் வேண்டியிருந்தது.

ஓனோவுக்கே இது தெரியும் என்று நினைக்கிறேன். அரண்மனைக்குத் திரும்பிய யோகோ போடும் முதல் ஆணை, வரியைப் பற்றியோ ஷோகோவைப் பற்றியோ இல்லை. சடங்குகள் தவிர வேறு எங்கும் யாரும் யார் முன்னாலும் நெற்றி தரையில் பட விழக்கூடாது என்கிறாள். அமைச்சர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

20 அக்டோபர், காலை 7.10

"அப்படியானால் மேலிருந்து இறங்கி வந்தவர்தான் எதையும் மாற்ற முடியும் என்கிறீர்களா?" இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்கிறேன். கிகான் மாதிரி ஒரு கிழவி அம்பையும் தானே எய்யும் கதை இருந்தால் பெயரைப் போடுங்கள், இந்த வாரமே படிக்கிறேன்.

22 அக்டோபர், இரவு 10.40

ஒன் பீஸின் ஃபிஷர் டைகரை மறந்துவிட்டேன் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை. அடிமையாக இருந்து தப்பியவர், வெறுங்கையோடு அந்தச் சிவப்பு மலையில் ஏறி டென்ரியூபிடோக்கள் வாழும் மேரிஜோவாவுக்குள் புகுந்து அடிமைகளை அவிழ்த்துவிட்டவர், சாமானியர், கடற்கொள்ளையர். என் சந்தேகத்துக்குப் பெரிய விதிவிலக்கு அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அவர் எந்தப் பிரபுவையும் தண்டிக்க நிற்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

பிரபு ஒருவன் மாறியது வேறொரு இடத்தில். மியோஸ்கார்ட் என்ற டென்ரியூபிடோ தன் அடிமைகளைத் திரும்பப் பிடிக்க மீன்மனிதர் தீவுக்கு வந்து கப்பல் உடைந்து கிடக்கிறான். முன்னாள் அடிமைகள் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். ராணி ஒட்டோஹிமே குறுக்கே வந்து நிற்கிறாள். பல வருடம் கழித்து ரெவரியில் சார்லோஸை ஆணிக் கட்டையால் அடித்து வீழ்த்துகிறவன் அதே மியோஸ்கார்ட். அதற்குப் பிறகு சொந்த இனத்தாரே அவனைக் கொன்றார்கள். லூஃபியின் குத்துக்குக் கூட்டம் சிதறியது, இவனுக்கு உயிரே போயிற்று.

23 அக்டோபர், காலை 6.55

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மங்கா என்றால் யோனா, கும்ஜி வரும்வரை பொறுமை வேண்டும். அனிமே என்றால் பன்னிரண்டு ராஜ்யங்கள், முதல் பத்துப் பாகங்களில் யோகோ அழுதுகொண்டே இருப்பாள், விட்டுவிடாதீர்கள். விளையாட்டு என்றால் டாக்டிக்ஸ். ரியோவானஸ் கோட்டைக்குள் நுழைவதற்கு முன்னால் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.